ஆல்ஃபோர்ட் வழியாகப் போனால் மிச்சம்

ரோட்னி கராஜ் கதவைத் தட்டவில்லை. உதைத்தான்.

"டெஸ், திற. அப்பா இன்னைக்குக் கல்யாணம் பண்ணிக்கப் போறார்."

கதவு முனகிக்கொண்டே மேலே ஏறியது. உள்ளே டெஸ்மண்ட், கையில் துணியோடு, தன் பழைய வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"எங்க?"

"ஸ்கெக்னஸ்ல. ரிஜிஸ்டர் ஆபீஸ். பன்னிரண்டு மணிக்கு."

டெஸ்மண்ட் துணியை நாலாக மடித்தான். "ஆகஸ்ட் மாசம். சனிக்கிழமை வேற. பெரிய ரோட்டுல, வீட்டையே வண்டிக்குப் பின்னால கட்டி இழுத்துக்கிட்டுப் போற காரவான் எதுவும் நகராதே."

எழுபத்தாறு வயது மாமனாருக்குக் கல்யாணம் என்றால் பெண் யார் என்று கேட்பான் மனுஷன். இவன் எந்த ரோடு என்று யோசித்தான். டெஸ்மண்டிடம் இதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. எங்கள் ஹார்ன்காசலில் அவனை விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் இரண்டாம் தடவை கூப்பிட்டதாகச் சரித்திரம் கிடையாது. எப்படி வந்தீங்க என்று வாய் தவறிக் கேட்டால் போதும். எந்த ரவுண்டானாவில் திரும்பினான், எங்கே குழி, எந்த பங்க்கில் லிட்டருக்கு இரண்டு பென்ஸ் குறைச்சல் என்று சூப் ஆறிப்போகும் வரை சொல்வான். அவன் மனைவி ஜில்லியன், அவன் பேசத் தொடங்கியதும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றிருந்தாள்.

அந்த ஜில்லியன்தான் இப்போது ஒரு ஷூவைக் காலிலும் இன்னொன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள்.

"ரோட்னி, நிஜமாவா? யார் சொன்னா?"

"எங்க வீட்டு ஷெரில்தான். முடி வெட்டப் போன இடத்துல கேட்டுட்டு வந்தா. அந்த டோரீன் நேத்து அங்க சுருள் போட்டுக்கிட்டு, நாளைக்கு எனக்குக் கல்யாணம்னு கடை முழுக்கச் சொல்லியிருக்கா."

"எந்த டோரீன்? பிங்கோ டோரீனா?"

"வேற யாரு. கடற்கரைச் சூதாட்டக் கூடத்துல மைக் பிடிச்சு நம்பர் கத்துறாளே, அவளேதான். சாயங்காலத்துலேர்ந்து நீ அவளை அம்மான்னு கூப்பிடலாம்."

ஜில்லியன் கையிலிருந்த ஷூ கீழே விழுந்தது.

அவள் அதிர்ச்சிக்குப் பாசம் காரணமில்லை. எங்கள் சட்டத்தில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. உயில் எழுதி வைத்தவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டால் அந்த நிமிஷமே பழைய உயில் செத்துப்போகும். பெர்னார்ட் குரோஸ்பியின் பழைய உயில், பெயின் ஆற்றங்கரையில் இருக்கும் செங்கல் வீட்டை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாகக் கொடுத்திருந்தது. கிழவர் காலையில் மூன்று துண்டு பன்றிக்கறி வறுத்துத் தின்றுவிட்டு மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிற ஆள். ஆனால் பிள்ளைகளுக்குப் பொறுமை ஏது? தோட்டத்துப் பக்கம் கண்ணாடி அறை கட்டி விற்பதுதான் ரோட்னியின் பிழைப்பு. போன ஈஸ்டருக்கு அப்பாவைப் பார்க்கப் போனவன், அவர் கழிப்பறைக்குப் போன நேரத்தில் பின்கட்டை டேப் வைத்து அளந்துவிட்டு வந்தான். ஜில்லியன் அந்த வீட்டுச் சமையலறைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுத்து இரண்டு வருஷமாகிறது.

"சாகட்டும்னு காத்திருந்தா, இவர் மாப்பிள்ளை ஆகுறார்," என்றாள் ஜில்லியன்.

"பதற்றப்படாதே. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால அங்க ஒரு கேள்வி கேப்பாங்க, யாருக்காவது ஆட்சேபம் இருக்கான்னு. நான் எந்திரிச்சு, எங்க அப்பாவுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு சொல்லுவேன். நீ அழணும். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவங்களால நடத்த முடியாது."

"அவருக்குப் பேதலிச்சிருக்கா?"

"போன கிறிஸ்துமஸ்ல என்னை ரோஜர்னு கூப்பிட்டாரே."

டெஸ்மண்ட் குறுக்கே வந்தான். "அது நீ பரிசாக் கொடுத்தியே, வங்கியில சும்மா கொடுக்குற காலண்டர், அதைப் பிரிச்சுப் பார்த்தப்புறம் கூப்பிட்டது. வேணும்னுதான்."

"உன்னை யாரும் கேக்கல."

யாரும் கேட்கவில்லைதான். பிறகு ஏன் இரண்டு பேரும் அவன் கராஜ் வாசலில் நின்றார்கள் என்பதுதான் வேடிக்கை. ரோட்னியிடம் இருப்பது மலையேறப் போகிறவன் வாங்குகிற பெரிய வண்டி; அவன் ஏறிய அதிகபட்ச உயரம் சூப்பர் மார்க்கெட்டின் மாடி பார்க்கிங். ஸ்டார்ட் செய்தாலே பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். ஜில்லியனுடையது தவணைக்கு எடுத்த புது வண்டி. வருஷத்துக்கு இத்தனை மைல்தான் ஓட்டலாம், மேலே ஓட்டினால் மைலுக்கு மைல் அபராதம். அந்த வருஷத்து மைலை அவள் ஜூன் மாதமே தீர்த்திருந்தாள். ஆக, வீடே கைநழுவிப் போகிற நாளிலும் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நினைப்பு: அடுத்தவன் வண்டி, அடுத்தவன் எண்ணெய்.

"உன் வண்டியில போலாம், டெஸ்," என்றான் ரோட்னி, பெரிய உபகாரம் செய்கிறவன் போல.

"போலாம். பெட்ரோல்தான் இல்லை. காய்ஞ்சு கிடக்கு."

"வழியில போட்டுக்கோ."

"அதுக்குத்தான் வழியை யோசிக்கணும்." டெஸ்மண்ட் வண்டியின் மூக்கு மேல் வரைபடத்தை விரித்தான். எல்லோரும் போனில் வழி பார்க்கிற காலத்தில் அவன் இன்னும் காகிதத்தில் விரல் வைத்துத் தேடுகிறவன். "பெரிய ரோட்டுல போனா இருபது மைல் சொச்சம். ஆனா இன்னைக்கு லிங்கன்லேர்ந்து கடற்கரை வரைக்கும் காரவான். முதல் கியர்லயே ஊரணும். அப்ப காலனுக்கு இருபதுகூடக் கொடுக்காது. ஆல்ஃபோர்ட் வழியாப் போனா ஏழெட்டு மைல் கூட. ஆனா நிக்காம ஓடும், காலனுக்கு நாப்பது வரும். அங்க பங்க்கில லிட்டருக்கு அஞ்சு பென்ஸ் கம்மி. நாலரை லிட்டர் ஒரு காலன்னு வெச்சா..."

எங்கள் ஊரில் பெட்ரோலை விற்பது லிட்டரில். ரோட்டை அளப்பது மைலில். வண்டியின் தீனியைச் சொல்வது காலனில். இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிக் கூட்டிக் கழிக்கத் துணிகிறவனை எவனும் இடைமறிக்க மாட்டான். மறித்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பான். ஜில்லியனின் கண்கள் திறந்தபடியே செருகிக்கொண்டன. ரோட்னி கடிகாரத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான்.

"...ஆக, ஒரு வழிக்கே கிட்டத்தட்ட ரெண்டு பவுண்டு மிச்சம்," என்று முடித்தான் டெஸ்மண்ட்.

மிச்சம் என்ற சொல் மட்டும் ரோட்னியின் காதில் விழுந்தது. "அப்ப அந்த வழியாவே போ. எடு வண்டியை."

"பெட்ரோலுக்கு?"

"என்ன பெட்ரோலுக்கு?"

"மூணு பேர் போறோம். உங்க அப்பா வீடு. என் பெட்ரோலா?"

ரோட்னி தன் பர்ஸைத் திறந்ததைப் பார்த்திருக்க வேண்டும். சொந்தப் பல்லைப் பிடுங்குகிறவன்கூட அவ்வளவு வேதனைப்பட மாட்டான். ஐந்து பவுண்டு நோட்டு ஒன்று வெளியே வந்தது. ஜில்லியனும் ஒன்று கொடுத்தாள், சொந்தப் புருஷனிடம்.

"ரசீது வேணும்," என்றாள்.

"வாங்கிடறேன், ஜில். ஃபிளாஸ்க்ல டீ போட்டுக்கட்டுமா?"

டீ என்று வந்தபிறகு வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. கெட்டில் கொதித்தது. சீஸ் சாண்ட்விச்சுக்கு ஊறுகாய் தடவப்பட்டது. போதாததற்கு டெஸ்மண்ட் டை வேறு கட்டிக்கொண்டு வந்தான்.

"எதுக்குடா இது?"

"ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போறோம். பனியனோட போய்க் கல்யாணத்தை நிறுத்துனா நல்லாவா இருக்கும்?"

போகிற வழியில் ரோட்னி ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போன் போட்டான். சனிக்கிழமை. ஒரு பெண் குரல் பிறப்புக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது, இறப்புக்கு இரண்டை. ரோட்னி மூன்றை அழுத்தினான்; திங்கட்கிழமை கூப்பிடச் சொன்னது. அப்பாவின் போன் அணைந்து கிடந்தது.

முன்சீட்டில் இருந்த ஜில்லியன் மூக்கைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் ஏறியதற்குப் பிறகு இந்த வண்டியில் அவள் கால் வைத்ததில்லை. திடீரென்று டெஸ்மண்டின் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"பெட்ரோல் இல்லேன்னியே. முள்ளு முழுசுன்னு காட்டுது."

"அதுவா. அது மூணு வருஷமா அங்கேயே நிக்குது. ஸ்டக் ஆயிடுச்சு."

"சரி பண்ணக் கூடாது?"

"அதுக்கு நூறு பவுண்டு கேக்குறான்."

"வண்டியும் ஓனர் மாதிரியே இருக்கு," என்றான் பின்சீட்டிலிருந்து ரோட்னி. "உள்ள ஒண்ணும் இல்லை, முள்ளு மட்டும் முழுசு."

அண்ணனும் தங்கையும் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

டெட்ஃபோர்ட் தாண்டியதும் மேடும் பள்ளமுமாக ரோடு ஒடுங்கியது. இரண்டு பக்கமும் வேலி. ஒரு வண்டி மட்டும் போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் யாராவது பின்னால் போய் ஒதுங்க வேண்டும். யார் ஒதுங்குவது என்பதில்தான் எங்கள் ஜனங்களின் பெருந்தன்மை அத்தனையும் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவனுக்கு இரண்டாவது பிஸ்கட் கொடுக்க யோசிக்கிறவர்கள், ரோட்டில் மட்டும் நீங்க முதல்ல, இல்லை நீங்க முதல்ல என்று மாற்றி மாற்றிப் பின்வாங்குவார்கள். டெஸ்மண்ட் அன்று எதிரே வந்த எல்லோருக்கும் பின்வாங்கினான். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி எல்லோருக்கும் வணக்கம் வைத்தான். ஒரு குதிரைக்காரிக்காக எஞ்சினையே அணைத்தான்.

"அவ குதிரைக்குப் போய் ஏன்டா எஞ்சினை நிறுத்தறே?"

"மிரளும். அதோட, நிக்கும்போது ஓடவிட்டா பெட்ரோல் வேஸ்ட். நீ அஞ்சு பவுண்டு கொடுத்திருக்கே. அதுக்கு மரியாதை வேணாமா?"

சவுத் ஆர்ம்ஸ்பி இறக்கத்தில் அறுவடை மெஷின் ஒன்று ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. பின்னாலிருந்து வைக்கோல் தூசு பறந்தது. டெஸ்மண்ட் அமைதியாகப் பின்தொடர்ந்தான்.

"ஹார்ன் அடி," என்றாள் ஜில்லியன்.

"அடிக்கலாம். அவருக்கு ஒதுங்க இடம் வேணுமே."

"நீ ஆம்பிளையா?"

"டீ வேணுமா, ஜில்?"

அவள் வாங்கிக் குடித்தாள். பிறகு, நிறுத்தப்போகிற கல்யாணத்துக்கு எப்படி அழுவது என்று ரோட்னியைப் பார்த்து ஒத்திகை செய்தாள். உதட்டைக் கடித்தாள், கண்ணைக் கசக்கினாள். ஒரு சொட்டு வரவில்லை. அம்மாவை நினைத்துக்கொள் என்றான் ரோட்னி. நினைத்தாள். அப்போதும் வரவில்லை. அபராத மைலை நினைத்திருந்தால் வந்திருக்கலாம்.

ஆல்ஃபோர்டில் காற்றாலையின் சிறகுகள் தெரிந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. பங்க்கில் வரிசை நின்றது. லிட்டருக்கு ஐந்து பென்ஸ் என்றால் எங்கள் ஜனங்கள் பக்கத்து மாவட்டத்திலிருந்துகூட வருவார்கள். முறை வந்ததும் டெஸ்மண்ட் இறங்கினான். குழாயை எடுத்து வண்டிக்குள் செருகி, முழங்கையைக் கூரையில் ஊன்றிக்கொண்டு மேகத்தைப் பார்த்தபடி நின்றான். உள்ளே அண்ணனும் தங்கையும் வேறு சண்டையில் இருந்தார்கள்: வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா.

"கண்ணாடி அறை போட்டு வித்தா இன்னும் நல்ல விலைக்குப் போகும்," என்றான் ரோட்னி.

"உன் கண்ணாடி அறையை நீயே கொள்முதல் விலைக்குப் போடுவியா?"

"தொழில் வேற, தங்கச்சி வேற."

டெஸ்மண்ட் காசு கட்ட உள்ளே போனான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் தெரிந்தான். அவனுக்கு முன்னால் ஒரு கிழவி லாட்டரிச் சீட்டு ஒவ்வொன்றையும் அங்கேயே சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சுரண்டி முடிக்கும் வரை அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ரோட்னி கண்ணாடியை இறக்கிக் கத்தினான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் ரோட்னியைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையில் கத்துகிறவனை எங்கள் ஊரில் கொலைகாரனுக்கு அடுத்தபடியாக வைப்பது வழக்கம். அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

டெஸ்மண்ட் திரும்பி வந்தபோது கையில் ஒரு பூங்கொத்து. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கார்னேஷன், பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மேலே மஞ்சள் ஸ்டிக்கர்.

"இது யாருக்கு?"

"பாதி விலைக்குப் போட்டிருந்தான். விட மனசு வரல."

"பெட்ரோல் பங்க் பூ," என்றாள் ஜில்லியன். "பதினாறு வருஷமா என் பிறந்தநாளுக்கு இந்தப் பூதான் வருது."

"மலிவா இருந்தாலும் பூ பூதானே."

"ரசீது எங்க?"

"வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்ப்போம்."

ஹாக்ஸ்தார்ப் வரை வண்டி ஓடியது. இங்கோல்ட்மெல்ஸில் நின்றுவிட்டது. பெரிய ரோட்டில் இல்லாத காரவான் எல்லாம் இங்கே இருந்தன. ரப்பர் செருப்பும் சிவந்த முதுகுமாக ஜனம், ரோட்டின் குறுக்கே, கையில் சிப்ஸ் பொட்டலத்தோடு, கடல் வற்றிவிடப் போவதில்லை என்ற நிம்மதியில் நடந்தது.

"இந்த வழியில நெரிசலே இல்லேன்னியே," என்றான் ரோட்னி. குரல் மெலிந்திருந்தது.

"ஆல்ஃபோர்ட் வரைக்கும் இல்லைதானே?"

"எருமை. நீ ஒரு எருமை. உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு இவ ஒரு..."

"என்னை ஏன் இழுக்கறே? அஞ்சு பென்ஸ்னதும் பல்லை இளிச்சவன் நீ."

"உன் புது வண்டி வாசல்லதானே நின்னுச்சு?"

"உன் மலை வண்டி எங்க நின்னுச்சு?"

ஸ்கெக்னஸின் கடிகாரக் கோபுரம் கண்ணில் பட்டபோது அதன் முட்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக உச்சியில் நின்றன. வண்டி நிற்பதற்கு முன்பே ரோட்னி கதவைத் திறந்து குதித்தான். ஜில்லியன் பின்னால் ஓடினாள். ஓடும்போதே அழ முயன்றாள். டெஸ்மண்ட் நிதானமாக இடம் பார்த்து நிறுத்தினான். பார்க்கிங் சீட்டு எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்தான். பூங்கொத்திலிருந்து மஞ்சள் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தான்.

ரோட்னி ரிஜிஸ்டர் ஆபீஸ் அரங்கத்துக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தான்.

"நிறுத்துங்க. அவருக்குப் புத்தி சரியில்ல."

உள்ளே ஒரு இளம் ஜோடியும் நாற்பது விருந்தாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பெண் அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

பதிவாளர் அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கினாள். "நீங்க யாரைத் தேடறீங்க, கண்ணு?"

"குரோஸ்பி. பெர்னார்ட் குரோஸ்பி. பன்னிரண்டு மணி."

"அது எப்பவோ முடிஞ்சுதே. சின்னக் கல்யாணம், சீக்கிரம் முடிச்சிடலாமான்னு கேட்டாங்க. முன்னால ஒரு ஜோடி வரல, அந்த நேரத்தைக் கொடுத்துட்டேன். பின்பக்கத் தோட்டத்துல போட்டோ எடுத்துக்கிட்டிருக்காங்க. கதவை மெதுவா மூடிட்டுப் போங்க."

தோட்டத்தில் நான்கே பேர். சாம்பல் நிறக் கோட்டில் பெர்னார்ட். நீலத் தொப்பியும் புதுச் சுருளுமாக டோரீன். சாட்சிக்கு இரண்டு பேர்: பிங்கோ அரங்கத்தின் காவலாளி, அப்புறம் கடற்கரையில் கழுதைச் சவாரி நடத்துகிற பெண்மணி. அவள் ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தாள். ஒரு கழுதை வேலிக்கு வெளியே காத்திருந்தது. ஜில்லியன் அந்தப் பூட்ஸைப் பார்த்தாள். சாட்சிக்கு வந்த அந்தச் சேறு படிந்த கால்கள்தான் தன் சமையலறை டைல்ஸை மிதித்துவிட்டன என்று புரிந்ததும் கண்ணீர் தானாக வந்தது. இப்போது அது யாருக்கும் தேவைப்படவில்லை.

"வாங்க, வாங்க," என்றார் பெர்னார்ட். "அழாதேம்மா. கல்யாணத்துல அழுறது பழைய பழக்கம்."

"அப்பா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"உங்க ரெண்டு பேருக்கும் வேலை ஜாஸ்தி. ஈஸ்டருக்குப் பின்கட்டை அளக்கறதுக்குள்ளயே ரோஜருக்கு வேர்த்துப்போச்சு. பாத்ரூம் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன், பாவமா இருந்துச்சு."



டெஸ்மண்ட் புல்வெளியைத் தாண்டி வந்து பூங்கொத்தை டோரீனிடம் நீட்டினான். அவள் வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். அதுவரை அவள் கை வெறுமையாகத்தான் இருந்தது.

"சரியான நேரத்துக்குக் கொண்டாந்தியே, கண்ணு. இப்பதான் போட்டோக்காரன் பூ இல்லையான்னு கேட்டான். உனக்குச் செலவு வெச்சிட்டேனா?"

"எனக்கு ஒரு பென்னிகூடச் செலவில்லை. பிள்ளைங்க ரெண்டு பேரும் ஆளுக்கு அஞ்சு பவுண்டு போட்டாங்க."

"அது பூவுக்கு இல்ல," என்றான் ரோட்னி. அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது. "பெட்ரோலுக்குக் கொடுத்தது."

பெர்னார்ட் மகனைப் பார்த்தார், பிறகு மருமகனைப் பார்த்தார்.

"பெட்ரோலா? எதுக்கு? நேத்து சாயங்காலம் நானே கூடப் போய் இவன் டேங்க்கை வாய் வரைக்கும் நிரப்பிவிட்டேனே. முள்ளு இன்னும் முழுசுலேர்ந்து அசைஞ்சிருக்காதே."